முள்வேலிக்குள் மட்டும் செல்லும் பணம்: ஓர் எட்டணா கூப்பனின் கதை

போன மாதம் அத்தை வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யப் போயிருந்தேன். காட்டூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. தாத்தாவின் தகரப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. பழைய நோட்டும் நாணயமும் சேர்க்கிறவன் நான் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் பெட்டியைத் திறக்கும் உரிமை எனக்கு வந்தது.

உள்ளே இருந்தவை: பொன்மலை ரயில்வே பணிமனையில் தாத்தா வேலை பார்த்த காலத்துச் சம்பளச் சீட்டுகள், ஒரு கைப்பிடி ஓட்டைக் காலணா, வாழைமரம் அச்சிட்ட ஜப்பான்காரன் காலத்து மலாயா நோட்டு இரண்டு, ஓர் அலுமினியச் சிகரெட் டப்பா. அந்த டப்பாவுக்குள் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய ஒரு சின்னச் சீட்டு.

"அதுவும் மலாயா காசுதான்டா. எங்க அப்பா சொல்லுவாரு," என்றார் அத்தை.

மலாயா காசு இல்லை. உள்ளங்கையில் பாதி அகலம்கூட இல்லாத கெட்டிக் காகிதம். ஒரு பக்கம் மட்டும் அச்சு. ஆங்கிலத்தில் போர்க் கைதிகள் முகாம், பெங்களூர், எட்டணா என்று மூன்று வரி. ஒரு தொடர் எண். மங்கிப்போன வட்ட முத்திரை. நான்காய் மடித்த தடம். இருபது வருடமாக நோட்டு சேர்க்கிறேன். இந்த வகைச் சீட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நம் வீட்டுப் பரணிலேயே ஒன்று கிடந்திருக்கிறது.

இது என்ன, எதற்காக அச்சிட்டார்கள், வெளியே எப்படி வந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் என்னால் முடிந்த பதிலை இந்தக் கட்டுரையில் எழுதி வைக்கிறேன். முதல் இரண்டுக்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. மூன்றாவதுதான் வீட்டுக்குள் ஒரு சின்னச் சண்டையில் போய் முடிந்தது.

திருச்சிக்குக் கைதிகள் புதிதல்ல

முதலில் ஊர்க்கதை கொஞ்சம். போர்க் கைதிகள் என்றதும் நமக்கு ஜெர்மனியும் பர்மாவும் நினைவுக்கு வருகின்றன. நம் திருச்சியிலேயே ஒரு முகாம் இருந்தது பலருக்குத் தெரியாது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் நடந்த போரில் பிடிபட்ட போயர்களை அங்கேயே வைத்திருக்கப் பிரிட்டிஷார் அஞ்சினார்கள். தப்பித்துப் போய் மறுபடி துப்பாக்கி தூக்கிவிடுவார்கள் என்ற பயம். கப்பலில் ஏற்றி செயின்ட் ஹெலினா, பெர்முடா, இலங்கை, இந்தியா என்று அனுப்பினார்கள். இலங்கையில் தியத்தலாவை பெரிய முகாம். இந்தியாவுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 9,000 பேர். அவர்களை அகமத்நகர், பெல்லாரி, அம்பாலா, சியால்கோட் என்று பல ஊர்களில் பிரித்து வைத்தார்கள். அந்தப் பட்டியலில் நீலகிரியின் கேத்தியும் உண்டு, திருச்சிராப்பள்ளியும் உண்டு. 1902 மே 31-இல் சமாதானம் ஆன பிறகு ஊர் திரும்பினார்கள்.

மரத்தில் பைப், கைத்தடி, நகைப்பெட்டி என்று செதுக்கிப் பொழுதைக் கழித்தவர்கள் போயர் கைதிகள். கைதிக்கு நேரம் நிறைய, காசு குறைவு. இந்த இரண்டும் சேர்ந்தால் கைவினை பிறக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அலுமினிய டப்பாவிடம் திரும்பி வரும்போது தேவைப்படும்.

எதற்குத் தனிப் பணம்?

கைதிக்கு எதற்குப் பணம் என்று கேட்கலாம். 1929-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தைப் படித்தால் காரணம் புரியும். பிரிட்டிஷ் இந்தியாவும் அதில் தனியாகக் கையெழுத்திட்டிருந்தது. பிடிபட்ட அதிகாரிகளுக்குச் சம்பளம் தரவேண்டும். வேலை வாங்கினால் சிப்பாய்களுக்குக் கூலி தரவேண்டும். முகாமில் ஒரு கேண்டீன் இருக்கவேண்டும். அங்கே விற்கும் சாமான்கள் உள்ளூர்ச் சந்தை விலைக்கே விற்கப்படவேண்டும். வரும் லாபத்தைக் கைதிகளின் நலனுக்கே செலவழிக்கவேண்டும்.

ஆக, கைதி கைக்குக் காசு வரத்தான் செய்யும். அந்தக் காசு உண்மையான ரூபாயாக இருந்தால் என்ன ஆகும்? காவல்காரனுக்கு லஞ்சம் கொடுக்கலாம். வெளியே வந்தால் ரயில் டிக்கெட் எடுக்கலாம், வேட்டி வாங்கிக் கட்டலாம், சாப்பிடலாம். தப்பிப்பவனுக்குத் துணிச்சலைவிடச் சில்லறை முக்கியம்.

இது கற்பனை பயம் இல்லை. 1944 ஏப்ரல் 29 அன்று டேராடூன் முகாமிலிருந்து ஒரு கூட்டம் பட்டப்பகலில் வெளியேறியது. சிலர் பிரிட்டிஷ் அதிகாரி வேடம், மற்றவர்கள் இந்தியக் கூலியாட்கள் வேடம். அதில் ஹெய்ன்ரிச் ஹாரரும் பீட்டர் ஆஃப்ஷ்னைட்டரும் இமயம் தாண்டி 1946 தொடக்கத்தில் லாசா போய்ச் சேர்ந்தார்கள். ரோல்ஃப் மாகெனரும் ஹைன்ஸ் ஹாவேயும் நேர் எதிர்த்திசையில் போய் பர்மாவில் ஜப்பானியர் பக்கம் சேர்ந்தார்கள். இந்தியாவின் குறுக்கே அப்படிப் பயணம் செய்ய முகாம் கூப்பன் ஒரு பைசாவுக்கும் உதவாது.

இதனால்தான் முகாமுக்கென்று தனிச் சீட்டு. சம்பளம் கணக்கில் ஏறும். கைக்குக் கூப்பன் வரும். கேண்டீனில் சோப்பு, சிகரெட், பிளேடு வாங்கலாம். வேலியைத் தாண்டினால் அது வெறும் காகிதம்.

முதல் உலகப்போரில் ஜெர்மனியில் நூற்றுக்கணக்கான முகாம்கள் இப்படித் தனித்தனி நோட்டு அச்சிட்டன. முகாம் பணம் சேகரிக்கிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். வகை ஏராளம், விலையும் கட்டுப்படியாகும். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய ராணுவம் எல்லா முகாம்களுக்கும் பொதுவான ஒரே வரிசையை அச்சிட்டது. 1 பென்னிக்கில் தொடங்கி 10 மார்க் வரை. போர்க் கைதிகளுக்கு மட்டுமே செல்லும், குறிப்பிட்ட விற்பனை இடங்களில் மட்டுமே கொடுத்து வாங்கலாம் என்ற எச்சரிக்கை அதிலேயே இருக்கும்.

உலகச் சேகரிப்பாளர்கள் கனவு காணும் நோட்டு ஆஸ்திரேலியாவினுடையது. பிரிட்டன் 1940-இல் 'டுனேரா' கப்பலில் ஏற்றி அனுப்பிய ஜெர்மானிய, ஆஸ்திரிய அகதிகள் பலர் நியூ சவுத் வேல்ஸில் ஹே என்ற ஊர் முகாமில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் யூதர்கள், ஹிட்லருக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். எதிரி நாட்டவர் என்று அவர்களையே பிடித்து அடைத்தது காலக் கொடுமை. அந்த முகாமில் இருந்த ஜார்ஜ் டெல்ட்ஷர் என்ற ஓவியர் 1941 மார்ச் தேதியிட்ட நோட்டுகளை வரைந்தார். ஓரத்தில் சுற்றி ஓடும் முள்கம்பியை உருப்பெருக்கியில் பார்த்தால் அது கம்பி இல்லை, எழுத்து. இங்கே இருக்கிறோம் என்பதால் இங்கே இருக்கிறோம் என்ற பொருளில் ஒரே வாக்கியம் சுற்றிச் சுற்றி வரும். ஆட்டு ரோமத்துக்குள் உடனிருந்தவர்களின் பெயர்களை ஒளித்து வைத்திருக்கிறார். கைதி தானே வரைந்த பணம் அது.

இந்தியாவுக்கு வந்த இத்தாலியர்கள்

இனி நம் எட்டணா. 1940 டிசம்பரில் எகிப்தின் சிடி பர்ரானியில் பிரிட்டிஷ் படை இத்தாலியர்களைத் தாக்கியது. அந்தத் தாக்குதலில் இந்தியாவின் 4-வது டிவிஷன் முன்னணியில் நின்றது. 1941 பிப்ரவரிக்குள் 1,30,000 இத்தாலியர்கள் பிடிபட்டார்கள். இத்தனை பேருக்கு எகிப்தில் சோறும் தண்ணீரும் தர முடியாது. அதில் ஒரு பெரும் பகுதி கப்பலேறி இந்தியா வந்தது. இங்கே இருந்த இத்தாலியக் கைதிகள் 60,000-க்கும் மேல். பெங்களூர், போபால், டேராடூன், ராம்கர், இமயமலை அடிவாரத்தில் யோல் என்று முகாம்கள். அதிகாரிகளில் பலர் யோலில் இருந்தார்கள்.

அன்றைய இந்தியாவிலேயே சில்லறைப் பஞ்சம். வெள்ளி ரூபாயை மக்கள் பதுக்க, 1940-இல் அரசு ஒரு ரூபாய் நோட்டை மறுபடி கொண்டுவந்தது. 1943-இல் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு காலணா அடித்தார்கள். பிகானேர், பூந்தி, நவாநகர், மோர்வி மாதிரி சமஸ்தானங்கள் அணாவுக்கும் பைசாவுக்கும் அட்டைச் சீட்டே வெளியிட்டன. தாத்தாவின் பெட்டியில் ஓட்டைக் காலணாவும் முகாம் கூப்பனும் ஒன்றாகக் கிடந்ததில் ஆச்சரியமே இல்லை. இரண்டும் ஒரே போரின் பிள்ளைகள்.

கூப்பன்கள் பொதுவாக அணாவில் தொடங்கி ரூபாய் வரை போகும். அலங்காரம் கிடையாது, ராஜா தலை கிடையாது. முகாம் மூடியதும் கணக்கை முடித்து அழித்துவிடுவார்கள். அதனால்தான் இன்று இவை அரிது. இந்தியக் காகிதப் பணத்தைப் பற்றி ரெஸ்வான் ரசாக், கிஷோர் ஜுன்ஜுன்வாலா இருவரும் எழுதிய கையேட்டில் இவற்றுக்கு இடமுண்டு. பெங்களூரில் ரசாக் அமைத்த காகிதப் பண அருங்காட்சியகம் திருச்சிக்காரர்களுக்கு ஒரு ராத்திரி ரயில் தூரம்தான். ஒருமுறை போய் வாருங்கள்.

சிகரெட்டும் மாட்டிறைச்சியும்

முகாம் பணம் என்றால் ஒரு பொருளாதாரக் கட்டுரையைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆர். ஏ. ராட்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இத்தாலியிலும் ஜெர்மனியிலும் கைதியாக இருந்தவர். திரும்பி வந்து 1945 நவம்பரில் 'எகனாமிகா' இதழில் முகாமின் பொருளாதாரத்தைப் பற்றி எழுதினார். இன்றும் கல்லூரியில் படிக்கிறார்கள்.

அவருடைய முகாமில் உண்மையான பணம் சிகரெட்தான். ரொட்டி, ஜாம், வெண்ணெய் எல்லாவற்றுக்கும் விலை சிகரெட்டில். செஞ்சிலுவைப் பொட்டலம் வந்தால் விலை மாறும், போர்ச் செய்தி வந்தாலும் மாறும். ஒரு கட்டத்தில் கைதிகளே ஒரு காகிதப் பணம் வெளியிட்டார்கள். அவர்கள் நடத்திய உணவுக்கடைக்குச் சாமான் கொடுத்தால் சீட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் பின்னால் கடையில் சாப்பாடு இருந்தது. கையிருப்பில்லாமல் ஒரு சீட்டுகூட அச்சிடவில்லை. ஆனாலும் 1944 ஆகஸ்டில் பொட்டலங்கள் பாதியானதும் சீட்டின் மதிப்பு சிகரெட்டுக்கு எதிராக இறங்கியது. கடைசியில் அந்தக் கடையைத் தவிர வேறெங்கும் யாரும் வாங்கவில்லை. காகிதத்தின் பின்னால் இருக்கும் சாமான் மட்டும் போதாது. நாளைக்கும் இது செல்லும் என்று எதிராளி நம்பவேண்டும்.

அதே கட்டுரையில் நம்மவர்களும் வருகிறார்கள். இத்தாலி முகாமில் இந்தியச் சிப்பாய்கள் தனிப் பகுதியில் இருந்தார்கள். சீக்கியர்கள் தங்களுக்கு வந்த மாட்டிறைச்சி டின்களைச் சாப்பிடுவதில்லை. உருது தெரிந்த ஒரு வெள்ளைக்காரர் அதை வாங்கி, ஜாமும் வெண்ணெயும் கொடுத்து லாபம் பார்த்தார். விஷயம் வெளியே தெரிந்ததும் இன்னும் பலர் போட்டிக்கு வர, இரு பக்கத்து விலையும் நெருங்கி வந்தது. இத்தாலியில் நம் சிப்பாய்கள் வேலிக்குள், பெங்களூரில் இத்தாலியச் சிப்பாய்கள் வேலிக்குள். இரு பக்கமும் பண்டமாற்று.

டப்பாவும் கூப்பனும்

இப்போது மூன்றாவது கேள்வி. வெளியே செல்லாத கூப்பன் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது?

தாத்தா 1942 முதல் பெங்களூரில் முகாமுக்குச் சாமான் சப்ளை செய்யும் பிரிவில் குமாஸ்தா. போர் முடிந்து திருச்சி வந்து பொன்மலையில் சேர்ந்தார். இதெல்லாம் குடும்பத்துக்குத் தெரியும். அலுமினிய டப்பாவின் மூடியில் ஒரு பேரீச்சை மரம், கீழே ரோமன் எழுத்தில் பெங்களூர் 1943 என்று ஆணியால் குத்திக் குத்திச் செதுக்கியிருக்கிறது. பக்கவாட்டின் வளைவைப் பார்த்தால் அது சிப்பாய்களின் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை வெட்டிச் செய்தது என்று தெரிகிறது. கைதியின் கைவேலை. போயர்கள் மரத்தில் செய்ததை இவர்கள் அலுமினியத்தில் செய்தார்கள்.

"இதை அப்பா காசு குடுத்துத்தான் வாங்குனாரு. சிகரெட்டே புடிக்காத மனுஷனுக்கு அரை ரூபாய்ல சிகரெட் டப்பா எதுக்குன்னு எங்க அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க," என்றார் அத்தை.

அரை ரூபாய். எட்டணா. கூப்பனும் எட்டணா. எனக்குப் பொறி தட்டியது. தாத்தா ஒரு ரூபாய் நோட்டைக் கொடுத்திருக்கிறார், கைதி மீதி எட்டணாவைக் கூப்பனாகத் திருப்பியிருக்கிறான் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. கைதி கையில் உண்மையான ரூபாய் போய்ச் சேரக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கூப்பனே. முகாமில் வேலை பார்த்த குமாஸ்தா அதைக் கொடுத்தால் அது குற்றம்.

அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "ஒரு பென்சில்கூட ஆபீஸ்லேர்ந்து எடுத்துட்டு வராத மனுஷன்டா அவரு. செத்து நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அவரைத் திருடனாக்காத."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அத்தையே கேட்டார்: "சரி, கணக்கு எழுதுற ஆளு, வெளியில செல்லாதுன்னு தெரிஞ்ச காசை மீதின்னு வாங்கிப்பாராடா?"

எனக்குப் பதில் இல்லை. புத்தகம் படித்தவன் விட்ட ஓட்டையை அத்தை பிடித்துவிட்டார். என் ஊகத்தில் இருந்த கோளாறு அதுதான். கூப்பன் எதற்கும் உதவாது என்று அந்த முகாமிலேயே நன்றாகத் தெரிந்தவர்களில் தாத்தாவும் ஒருவர்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு வழி மிஞ்சுகிறது. ஒன்று, முகாம் கலைந்தபோது நினைவுக்கு என்று ஒரு சீட்டை வைத்துக்கொண்டார், விலை பொருந்தியது தற்செயல். இன்னொன்று, தாத்தா ஒரு ரூபாயைக் கொடுத்துவிட்டு மீதி வேண்டாம் என்றார். எட்டணா டப்பாவுக்கு எட்டணாதான் வேண்டும் என்று அந்த இத்தாலியன் பிடிவாதமாகத் தன்னிடமிருந்த ஒரே பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். அது செல்லாது என்பது இருவருக்கும் தெரியும். இரண்டாவது நடந்திருந்தால் சட்டப்படி அது தப்புதான். அந்த எட்டணாவை எடுத்துக்கொண்டு ஒருவன் தப்பி ஓடியிருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அதைச் செய்த இருவரையும் என்னால் திருடர் என்று சொல்ல முடியவில்லை. எது நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் சாட்சி இல்லை. டப்பாவும் கூப்பனும் எண்பது வருடமாகச் சேர்ந்தே இருந்திருக்கின்றன என்பது மட்டும்தான் சாட்சி.

சேகரிப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தக் கூப்பன் பிளாஸ்டிக்குக்குள் போன கதையையும் சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் அத்தை வீட்டு மாமா, சீட்டு கிழிந்துவிடுமே என்ற நல்ல எண்ணத்தில் லேமினேஷன் போட்டுவிட்டார். சூட்டில் பசை உருகிக் காகிதத்தோடு ஒன்றாகிவிட்டது. பிரிக்கப் போனால் காகிதமும் சேர்ந்து வரும். பின்பக்கம் பென்சிலில் ஏதோ எழுதியிருந்த தடம் லேசாகத் தெரிகிறது. படிக்க முடியவில்லை. விலையைவிட அதுதான் எனக்குப் பெரிய நஷ்டம். மாமா இப்போது இல்லை. அவர் மேல் கோபமும் இல்லை.

அதனால் சொல்கிறேன். பழைய காகிதம் எது கிடைத்தாலும் லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். விலை மலிந்த பிவிசி உறைகள் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் உறை நல்லது. கிடைக்காவிட்டால் அமிலமில்லாத வெள்ளைத் தாளுக்கு நடுவே வையுங்கள். எந்தப் பொருளோடு சேர்ந்து கிடைத்ததோ அந்தப் பொருளிலிருந்து பிரிக்கும் முன் படம் எடுங்கள். வீட்டில் வயதானவர்கள் அதைப் பற்றிச் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். வியாபாரியிடம் வாங்கும் கூப்பனில் முகாம் பெயரும் தொகையும் இருக்கும். அரை ரூபாய்க்காகச் சண்டை போட்ட பாட்டி இருக்க மாட்டார்.

நம் டெல்டா மாவட்டங்களில் மலாயாவும் பர்மாவும் போய்வந்த குடும்பங்கள் எத்தனையோ. பட்டாளத்துக்குப் போன வீடுகளும் நிறைய. 'ஜப்பான் காசு' என்று சொல்லிப் பெட்டியில் போட்டுவைத்த சீட்டை ஒருமுறை வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். வாழைமரம் இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

அன்று கிளம்பும்போது அத்தை கேட்டார். "இது இப்ப என்னடா விலை போகும்?"

"லேமினேஷன் போட்டதால ஒண்ணும் போகாது அத்தை."

"நல்லதாப் போச்சு," என்று டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, கூப்பனை உள்ளே வைத்து மூடினார்.